சிவப்பு பெயிண்ட் காய்வதற்குள்

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுக் கேட்டில் சிவப்பு பெயிண்ட் ஊற்றியிருந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. ஆலோங், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவன், அவன் ஆள் வந்து போயிருக்கிறான், அவ்வளவுதான். முன்பெல்லாம் எதற்கு வாங்கிய கடன் என்றாவது விசாரிப்பார்கள், மகள் கல்யாணமா, லோரி வாங்கியதா என்று. இப்போது அதுவும் இல்லை. கைப்பேசியில் ஸ்லோட் சூதாட்டம் ஆடியிருப்பான் என்று தாமானே, குடியிருப்பே, முடிவுகட்டிவிடுகிறது. பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடுகிறது.

போன வருஷம் என் சித்தப்பா மகன் வீட்டுக் கேட்டில் ஊற்றினார்கள். செம்பனை ஆலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், குடி கிடையாது, சிகரெட்கூடக் கிடையாது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "அண்ணே, தூங்கிட்டீங்களா?" தூங்கிவிட்டிருந்தேன். காலை ஆறு மணிக்குத்தான் பார்த்தேன், பதறிப்போய்க் கூப்பிட்டேன். அந்த நாலு மணி நேரத்தில் அவன் இணையத்தில் எதையோ தேடி, சூதாட்டச் சிக்கலுக்கு உதவும் ஒரு சாட் பக்கத்துக்குள் போய், பாதி மலாய் பாதி ஆங்கிலத்தில் யாரிடமோ எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். முகம் தெரியாத அந்த ஆள் பதில் எழுதியிருந்தார். எனக்கு முன்னால்.

அதற்கப்புறம்தான் இந்த ஆன்லைன் சிகிச்சை விவகாரத்தை உட்கார்ந்து படித்தேன். கிளினிக்குக்குப் போக முடியாதவர்களுக்கான இரண்டாந்தரச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எங்கள் ஊர் மாதிரி இடத்தில், ஆள் வாய்திறக்கும் நேரத்துக்கு வந்து நிற்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் அது எப்போது வேலை செய்கிறது, எப்போது பேருக்கு மட்டும் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். நம்பர் எடுப்பது, அதாவது நாலு இலக்க லாட்டரி கட்டுவது, எங்கள் தோட்டப்புறத்துக்குப் புதிதில்லை. 1969-ல் அரசாங்கமே டோட்டோ என்ற லாட்டரி நிறுவனத்தைத் தொடங்கியது, 1985-ல் அது தனியாருக்குப் போனது. தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த காலத்திலேயே கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், ரோட்டில் காடி (கார்) மோதினால் அந்த பிளேட் நம்பர், மரத்தடிச் சாமி சொன்னது ஒரு நம்பர். கணக்கை யாரும் போட்டுப் பார்த்ததில்லை, இப்போது போடலாம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் நம்பர். 'பிக்' என்ற பந்தய வகையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அப்புறம் 180 வெள்ளியில் பத்து, 60 வெள்ளியில் பத்து. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 வருகிறது. அதாவது பத்தாயிரம் நம்பரையும் நீங்களே வாங்கினாலும், போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் 64 காசுதான் திரும்பி வரும். மீதி 36 காசு முதல் நாளே போய்விட்டது, சாமி என்ன சொன்னாலும் சரி.

இருந்தாலும் நாலு நம்பரில் ஒரு சௌகரியம் இருந்தது. குலுக்கல் புதன், சனி, ஞாயிறு, இடையில் சில செவ்வாய்க்கிழமை சிறப்புக் குலுக்கல். தோற்றவன் அடுத்த குலுக்கல்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் சம்பளம் வரும், சண்டை வரும், புத்தியும் கொஞ்சம் வரும். கைப்பேசி ஸ்லோட்டில் அந்த இடைவெளி இல்லை. மூன்று நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 1,200 சுற்று. சுற்றுக்கு ஐம்பது காசு என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வெள்ளிக்குப் பந்தயம் கட்டியாகிவிட்டது. 2025-ல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதை 26 நாள் வேலைக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஒரு மணி நேரத்துப் பந்தயம் ஒன்பது நாள் கூலி. போட்டதெல்லாம் போய்விடாது, இடையில் கொஞ்சம் திரும்பி வரும், அதுதான் ஆளை உட்காரவைக்கிறது. எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது வரும் பரிசு, ஒவ்வொரு தடவையும் தவறாமல் வரும் பரிசைவிட ஆழமாகப் பழக்கப்படுத்தும் என்பது போன நூற்றாண்டிலேயே எலியையும் புறாவையும் வைத்துக் கண்டுபிடித்த சமாச்சாரம். மயிரிழையில் தவறிய சுற்றும் அப்படித்தான். மூன்று படத்தில் இரண்டு சேர்ந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நின்றால் அது தோல்விதான், ஆனால் மூளை அதைக் கிட்டத்தட்ட வெற்றி மாதிரி எடுத்துக்கொள்கிறது என்று 2009-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மூளைப்படம் எடுத்துக் காட்டினார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-லேயே மிகைச் சூதாட்டத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013 பதிப்பில் அதைத் தூக்கி மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. அதில் ஒன்பது அறிகுறிகள், ஒரு வருஷத்துக்குள் நான்கு இருந்தால் நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பில் உள்ள பட்டியல், பெரும்பாலும் இணையத்தில் ஆடுவதையும் வெளியில் ஆடுவதையும் தனித்தனியாகவே பிரித்துக் குறிக்கிறது. ஒன்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஊர் பாஷையில் ஒன்றே ஒன்று போதும்: விட்டதைப் பிடிக்கப் போகிறானா? தோற்ற பணத்தை மீட்க மறுநாள் மறுபடி போகிற ஆள், அதை வீட்டில் மறைக்கிற ஆள், இவர் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர் இல்லை.

சரி, நோய் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே? இங்கேதான் எங்கள் ஊரின் பூகோளம் குறுக்கே நிற்கிறது. ஈப்போவுக்குப் போகும் வழியில், பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான். 1911-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்று பஹாகியா உலு கிந்தா என்று நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள், பஹாகியா என்றால் மகிழ்ச்சி. யார் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? சின்ன வயதில் அடம்பிடித்தால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று அம்மா மிரட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். நல்ல டாக்டர்கள் இருக்கும் இடம், கூப்பிடு தூரம், ஆனால் மனநலம் என்ற வார்த்தையோடு அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உள்ளூர் கிளினிக்கில் கவுன்சலிங் கேட்கலாம் என்றால் மருந்து கொடுக்கும் பெண் பக்கத்துத் தாமான், வரிசையில் உட்கார்ந்திருப்பது பழைய மண்டோர் மனைவி. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குச் சுலபம். சூதாட்டச் சிக்கல் உள்ளவர்களில் சிறு பகுதியினர்தான் உதவி தேடி வருகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன, வெட்கமும் 'நானே நிறுத்திக்கொள்வேன்' என்ற எண்ணமும் முக்கியமான காரணங்களாக வருகின்றன. வெட்கம் எங்களுடைய தனிச்சொத்து இல்லை.

இப்போது ஆன்லைன் சிகிச்சை என்றால் என்னென்ன. ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு ஓடுகிறது. எழுத்தில் பேசும் சாட், என் தம்பி போனது அதற்குத்தான். பிரிட்டனில் 1971-ல் தொடங்கிய கோர்டன் மூடி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் கேம்ப்ளிங் தெரபி இந்த வகை, இலவசம், வெளிநாட்டு ஆட்களும் போகலாம். இரண்டாவது, நீங்களே வாரம் ஒரு பாடமாகச் செய்யும் பயிற்சித் தொடர். மூன்றாவது, அதே பாடத்தோடு வாரம் ஒருமுறை ஒரு ஆலோசகர் கூப்பிட்டுப் பேசுவது. நான்காவது, முழுக்க வீடியோவில் ஆலோசகரோடு உட்காருவது.

பாடங்களின் அடிப்படை பெரும்பாலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர் பெரிது, வேலை எளிது, செய்வதுதான் கஷ்டம். முதல் வாரம் கணக்கு எழுதச் சொல்வார்கள். எவ்வளவு போனது என்பதோடு நிற்காது, எந்தக் கிழமை, எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதெல்லாம் வேண்டும். தம்பியின் நோட்டில் ஒரு வடிவம் தெரிந்தது: சம்பள ராத்திரி, அப்புறம் மனைவியோடு சண்டை போட்ட ராத்திரி, அப்புறம் ராத்திரி ஷிப்டு முடிந்து தூக்கம் வராத விடிகாலை. மூன்றே வாசல். அடுத்து ஆவல் எழும்போது என்ன செய்வது என்ற பயிற்சி. அந்த உந்துதல் அலை மாதிரி, ஏறும், உச்சிக்குப் போகும், இருபது நிமிஷம் அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் இறங்கும். அதை எதிர்த்துச் சண்டை போடாமல், ஆடாமல், பார்த்துக்கொண்டே இருக்கப் பழகுவது. அப்புறம் நம்பிக்கைகளைக் கிளறுவார்கள்: இத்தனை தடவை வரவில்லை, இனி வந்தே தீரும் என்பது மாதிரி. 1913 ஆகஸ்டில் மோண்டி கார்லோ கேசினோவில் சக்கரம் தொடர்ந்து 26 தடவை கறுப்பில் நின்றது, இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டியே பலர் பெரும் பணத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. ஸ்லோட்டுக்கும் கிடையாது.

இதெல்லாம் போன்வழி செய்தால் பலிக்குமா? இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விளங்கியது. 2008-ல் ஸ்வீடனில் வெளியானது முதலாவது. 66 பேர், எட்டு வாரம், இணையத்தில் பாடம், மின்னஞ்சல், வாரம் ஒரு போன் அழைப்பு, அதுவும் பதினைந்து நிமிஷத்துக்குள். ஒரு ஆளுக்கு ஆலோசகர் செலவழித்த மொத்த நேரம் சராசரி நாலு மணி நேரம்தான். காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட இவர்கள் நிலைமை நன்றாகவே முன்னேறியது, பின்னால் மூன்று வருஷம்வரை தொடர்ந்து பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் பெரும்பாலும் தங்கியிருந்தது. இரண்டாவது, 2016-ல் பிரான்ஸில். இணையத்தில் போக்கர் ஆடுகிறவர்கள் ஆயிரத்துக்கும் மேல், ஆடும் தளத்தின் வழியாகவே அணுகி, சிக்கல் உள்ளவர்களுக்கு இந்த மாதிரிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் சில வாரத்திலேயே கழன்றுகொண்டார்கள். அதிலும் ஆலோசகர் துணையோடு பாடம் கொடுத்த குழுவில்தான் கழன்றவர்கள் மிக அதிகம்.

முதலில் படித்தபோது குழம்பினேன். ஸ்வீடனில் மனிதர் கூப்பிட்டது நல்லதாகப் போனது, பிரான்ஸில் மனிதர் வந்ததும் ஓடினார்கள். வித்தியாசம் ஆட்களிடம் இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் தாங்களே உதவி தேடி வந்தவர்கள். பிரான்ஸ்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது தோளைத் தட்டிக் கேட்கப்பட்டவர்கள். தானாக வந்தவனுக்கு வாரம் பதினைந்து நிமிஷம் ஒரு குரல் கேட்டால் போதும், நாலு மணி நேர உழைப்பில் அவன் நகர்கிறான். வராதவனைத் துரத்தினால் போனை வைத்துவிடுகிறான்.

அப்படியென்றால் எங்கள் ஊருக்கான கேள்வி, ஆள் எப்போது தானாக வருகிறான் என்பது. எனக்குத் தெரிந்தவரை பெயிண்ட் ஊற்றிய ராத்திரி வருகிறான். கூட்டுப் பணத்தை எடுத்து ஆடியது வெளியே தெரிந்த அன்று வருகிறான். அந்த வாசல் ரொம்ப நேரம் திறந்திருக்காது. மாமனார் கடனை அடைத்துவிட்டால் மூடிக்கொள்ளும், இன்னொரு ஆலோங்கிடம் புரட்டிவிட்டாலும் மூடிக்கொள்ளும். நாலு வாரம் கழித்து அப்பாய்ண்ட்மெண்ட் கொடுக்கும் எந்தச் சேவையும் அந்த ஆளைத் தவறவிடும். ராத்திரி இரண்டு மணிக்குப் பதில் எழுதும் சாட் தவறவிடாது. ஆன்லைன் என்பதன் பெரிய லாபம் எனக்கு இதில்தான் தெரிகிறது, பயணச் செலவு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

ஆனால் அந்த சாட்டில் தம்பி தட்டித்தடவித்தான் எழுதினான். பள்ளியில் மலாய், வேலையில் மலாய், ஆங்கிலம் கொஞ்சம், ஆனால் அவமானத்தைச் சொல்ல அவனுக்குத் தமிழ்தான் இருக்கிறது. "மானம் போச்சு" என்பதை எந்த மொழியில் தட்டச்சு செய்வது? பின்னால் அவனுக்குத் தமிழ் பேசும் ஒரு ஆலோசகரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் பாட நோட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வாட்ஸ்அப் குரல்பதிவில் வீட்டுப்பாடம் அனுப்பச் சொன்னார். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவனை மூன்று பக்கம் எழுது என்றால் எழுத மாட்டான், பேசு என்றால் பத்து நிமிஷம் பேசுவான். இது மாதிரிச் சின்ன மாற்றங்களைச் செய்யத் தெரிந்த ஆள்தான் எங்களுக்கு வேண்டும். எங்கோ வெளிநாட்டில் எழுதிய பாடத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால், குதிரைப் பந்தயத்தையும் பப்பையும் பற்றிய உதாரணத்தைப் படித்துவிட்டு இது நமக்கில்லை என்று மூடிவிடுவார்கள்.

இன்னொரு பெரிய ஓட்டை பணத்தின் வழி. பிரிட்டனில் சிகிச்சைக்குப் போகிறவனுக்குப் பின்னால் மூன்று நாலு பூட்டு இருக்கிறது. 2018-ல் வந்த கேம்ஸ்டாப்பில் ஒருமுறை பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்கள் எல்லாம் அவனை வெளியே நிறுத்த வேண்டும். வங்கி ஆப்பிலேயே சூதாட்டச் செலவைத் தடுக்கும் பொத்தான் உண்டு. 2020 ஏப்ரல் முதல் கடன் அட்டையில் சூதாட முடியாது. இங்கே கேசினோ வகை இணைய ஆட்டங்களுக்கு உரிமமே கிடையாது, சட்டம் 1953-ல் எழுதியது. சட்டவிரோதம் என்பதாலேயே பூட்டும் கிடையாது. ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் இருக்கிறான், பணம் போவது யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருக்கும் கெல்டாய் கணக்குக்கு, அதாவது பிறர் பணத்தைக் கைமாற்றிவிடக் கொடுத்த கணக்குக்கு. வங்கிக்கு அது நண்பனுக்கு அனுப்பிய பணம் மாதிரித்தான் தெரியும். தளத்தை முடக்கினால் அடுத்த நாள் புது லிங்க், கூடவே 'பிரீ கிரெடிட்'. போதாக்குறைக்கு 2024 மே முதல் ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று வந்தது, குறைந்தது 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ராத்திரி மூன்று மணிக்கு ஆடுகிறவன் கையில் அது இன்னொரு கதவு.

அதனால் இங்கே பூட்டு வீட்டில்தான் போட வேண்டும். பெட்பிளாக்கர் என்ற இலவச ஆப் சூதாட்டத் தளங்களைத் தடுக்கும், ஏஜெண்ட் நேரடியாக அனுப்பும் ஆப்பை எல்லாம் அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் ஒரு வேகத்தடை. சம்பளம் மனைவி கணக்குக்கு மாறுவது, டச் என் கோ வாலட்டில் வரம்பைக் குறைத்து வைப்பது, ஏஜெண்ட் எண்களைத் தடுத்துக் கைப்பேசி எண்ணையே மாற்றுவது. இதையெல்லாம் முதல் வாரமே செய்யாமல் ஐந்தாம் வாரம் மனப்பயிற்சி செய்து பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து, தம்பியின் ஆலோசகரும் அதைத்தான் முதலில் செய்யச் சொன்னார்.

கடனை யார் அடைப்பது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. சித்தி நகையை விற்று அடைத்துவிடலாம் என்றார். அந்த ஒன்பது அறிகுறிகளில் ஒன்றே, நிலைமையைச் சரிசெய்ய மற்றவர் பணத்தை நம்பியிருப்பது. ஒரு தடவை மீட்டுவிட்டால் அடுத்த தடவைக்கும் நகை இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. அதற்காக ஆலோங் வாசலில் நிற்கும்போது தத்துவம் பேசவும் முடியாது. கடைசியில் பணம் அவன் கையில் போகாமல் நேரடியாகக் கொடுக்கப்பட்டது, போலீஸ் புகாரும் செய்யப்பட்டது. வங்கிக் கடனுக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே இருக்கிறது, 2006 முதல் இயங்குகிறது, இலவசம், தவணையைச் சீரமைத்துத் தருவார்கள். ஆலோங் கடன் அங்கே எடுபடாது.

ஆன்லைன் போதாத இடமும் உண்டு. ஸ்வீடன் ஆய்விலேயே கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கடனில் மாட்டியவன் 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற மாதிரிப் பேசினால் எட்டு வாரப் பாடத்துக்குக் காத்திருக்கக் கூடாது, நேரில் டாக்டர். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, மனம்விட்டுப் பேசக் கூப்பிடலாம் என்ற தொண்டு அமைப்பு பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. தற்கொலை முயற்சி 2023 முதல் இங்கே குற்றமில்லை, போலீஸ் பயத்தில் கூப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, வயதான ஆள் நடுக்குவாத நோய்க்கு மருந்து தொடங்கியபின் திடீரென்று சூதாட ஆரம்பித்தால் மருந்தைப் பாருங்கள். பிரமிபெக்சோல் வகை மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டு, தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவர் 1998 ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிந்தவரா என்றும் கேட்கலாம், எண் கேட்டால் உண்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இணையத்தில் வருகிறவன் எல்லாம் இரண்டாவது தடவை பிடுங்க வந்தவன்.

தம்பிக்கு இடையில் ஒரு தடவை சறுக்கியது, தீபாவளி போனஸ் வந்த ராத்திரி, 300 வெள்ளி. அதை மறைக்காமல் மறுநாளே குரல்பதிவில் சொன்னான், ஆலோசகர் அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார் என்றான். வீட்டில் சுவர் மெல்லிசு, பிள்ளைகள் கேட்கும் என்பதால் வியாழக்கிழமை அழைப்பை அவன் ஆலைக்கு வெளியே, செம்பனைக் குலை எடைபோடும் இடத்துப் பக்கம் காடியை நிறுத்திக்கொண்டு பேசுகிறான், அங்கேதான் லைனும் கிடைக்கிறது. போன வாரம் அவன் கேட்டானாம், நாலு நம்பரையும் விட்டுவிட வேண்டுமா, வாரம் இரண்டு வெள்ளிதானே என்று. அதை அடுத்த வியாழன் பேசலாம் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார்.